கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு: காமிக்ஸ் சேகரிப்பாளர் கேள்வி–பதில்

கேள்வி: 1974இல் வந்த 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழ் என்னிடம் இருக்கிறது. கராஜ் சேல் ஒன்றில் பழைய பெட்டியோடு வந்தது. அட்டை பளிச்சென்று இருக்கிறது. இணையத்தில் ஆளுக்கொரு விலை போட்டிருக்கிறார்கள். நான் எவ்வளவு கேட்கலாம்?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: விலைக்கு முன்னால் வாசகர் கடிதப் பக்கத்தைப் பாருங்கள். அந்த ஆண்டு மார்வெல் இதழ்களில் 'மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்' என்று, வெட்டி எடுத்துச் சேர்ப்பதற்காகவே ஒரு சிறு படம் அச்சிட்டார்கள். பிள்ளைகளும் வெட்டி எடுத்தார்கள். வுல்வரின் என்ற நாயகன் முழுமையாக வரும் முதல் இதழ் என்பதால் 181க்கு இத்தனை மவுசு. ஆனால் ஸ்டாம்ப் வெட்டப்பட்ட பிரதியை யாரும் முழுப் பிரதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. இதழின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று கிரேடு (மதிப்பெண்) போட்டு, லேபிளோடு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது சிஜிசி நிறுவனம். அட்டை எவ்வளவு மின்னினாலும் அது இந்தப் பிரதிக்கு மிகக் குறைந்த கிரேடு கொடுக்கும், அல்லது குறையைக் குறிப்பிட்டுப் பச்சை லேபிள் ஒட்டும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு, மேசைமேல் வைத்து, இதழைப் பாதிக்கு மேல் விரிக்காமல் பாருங்கள். அப்படியே நடுத்தாள் இரண்டு ஸ்டேபிள் பின்னிலும் பிடித்திருக்கிறதா, பின் துருவேறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

ஸ்டாம்ப் இருந்தால் அடுத்தது முதுகு, அதாவது பின் அடித்த மடிப்பு ஓரம். விளக்கொளியைப் பக்கவாட்டில் விழவைத்துச் சாய்த்துப் பிடித்தால், பின்களை ஒட்டிக் குறுக்கே ஓடும் நுண்ணிய கோடுகள் தெரியும். அந்தக் கோட்டில் மை விட்டு வெள்ளைத்தாள் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. மை போன கோடு நான்கைந்து இருந்தாலே 9.8, 9.6 என்ற ஆசையை விட்டுவிட வேண்டும்.

கிரேடு ஓரளவு பிடிபட்ட பிறகுதான் விலை. விற்பனைக்குப் போட்டிருக்கும் விலைகளைப் பார்க்கவே வேண்டாம். மூன்று வருடமாக விற்காமல் கிடக்கும் பிரதியும் அந்தப் பட்டியலில் இருக்கும். இபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டியை அழுத்துங்கள். ஹெரிடேஜ் ஏலக் கூடத்தின் பழைய விற்பனைப் பதிவுகளையும் பாருங்கள். அதே கிரேடு, அதே நிற லேபிள், கடந்த மூன்று மாதம்: இந்த மூன்றும் பொருந்தும் விற்பனைகளில் ஐந்தாறை எடுத்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு மிச்சத்தின் நடுவில் நில்லுங்கள். 2021 விலையை அளவுகோலாக வைக்காதீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஏறிய சந்தை 2022 முதல் இறங்கிவிட்டது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஏலக் கூடங்கள் வெளியிடும் தொகையில் வாங்குபவர் தனியாகக் கட்டும் கமிஷனும் பெரும்பாலும் அடக்கம். விற்றவர் கைக்கு அவ்வளவும் போகாது.

கேள்வி: தொண்ணூறுகளின் இதழ்கள் நாற்பது வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு அனுப்பிவிடலாமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: கூடாது. தொண்ணூறுகளில் பல இதழ்கள் லட்சக்கணக்கில் அச்சானவை; மக்களும் அன்றே உறைபோட்டுப் பத்திரப்படுத்தினார்கள். அவற்றில் 9.8 என்பது அபூர்வமே அல்ல. சிஜிசி தளத்தில் எந்த இதழுக்கு எந்தக் கிரேடில் எத்தனை பிரதி என்று இலவசமாகப் பார்க்கலாம். 9.8 ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்த இதழை விட்டுவிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்; எண்கள் உதாரணத்துக்கு. ஓர் இதழ் கிரேடு இல்லாமல் 60 டாலருக்குப் போகிறது. 9.8 என்றால் 250, 9.6 என்றால் 110, 9.4 என்றால் 80. உங்களிடம் அப்படிப்பட்ட பத்துப் பிரதிகள் இருந்து, மூன்று 9.8, நான்கு 9.6, மூன்று 9.4 வாங்கினால் மொத்தம் 1,430 டாலர். தளக் கட்டணம் 13 சதவீதம் போக 1,244. கிரேடிங், பிரஸ்ஸிங் (தாளை அழுத்தி நேராக்குவது), போக வர அஞ்சல் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 70 என்றால் கையில் நிற்பது 544. அதே பத்தையும் அப்படியே விற்றிருந்தால் 600இல் 13 சதவீதம் போக 522. இருபத்திரண்டு டாலருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் லாபம் முழுவதும் அந்த மூன்று 9.8இல்தான். ஒன்று 9.6க்கு இறங்கினாலே நட்டம். நாற்பதில் உங்கள் கண்ணுக்கே குறை தெரியாத நாலைந்தை மட்டும் எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

கேள்வி: பிரஸ்ஸிங் செய்தால் கிரேடு ஏறுமா? அது பழுதுபார்த்த கணக்கில் வராதா?

பதில்: மிதமான சூடும் ஈரப்பதமும் கொடுத்து அழுத்தி, தாளை நேராக்குவதுதான் பிரஸ்ஸிங். விரல் பதிந்த பள்ளம், அலையலையான வளைவு, மை விடாத மடிப்பு இவை சரியாகும். மை போன கோடு, கிழிசல், துரு, பழுப்பு எதுவும் மாறாது. சிஜிசி இதைப் பழுதுபார்ப்பாகக் கருதுவதில்லை. ஓரத்தைச் சீவுவதும் மை போன இடத்தில் வண்ணம் தொடுவதும் வேறு. அதற்குப் பழுதுபார்த்தது என்று காட்டும் ஊதா லேபிள்தான், விலையும் சரியும். கறுப்பு அட்டையின் வெள்ளைக் கோட்டை ஸ்கெட்ச் பேனாவால் மறைக்கவே மறைக்காதீர்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். சூடு மிஞ்சினால் அட்டையின் பளபளப்பு போய்விடும், பின்னைச் சுற்றித் தாள் கிழியும்.

கேள்வி: ஸ்லாப் போட்ட (கிரேடு போட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்த) இதழை வெளியூருக்கு விற்கிறேன். எப்படி அனுப்புவது?

பதில்: படத்திலிருந்தே தொடங்குங்கள். முன்பக்கம், பின்பக்கம், சான்றிதழ் எண் தெளிவாகத் தெரியும் லேபிள், ஸ்லாப்பின் நான்கு விளிம்புகள். உறையைத் திறந்து வேறு பிரதியை மாற்றிவைத்த மோசடி 2023 இறுதியில் வெளிவந்ததிலிருந்து, விவரம் தெரிந்தவர்கள் விளிம்பைப் பார்க்காமல் வாங்குவதில்லை. வாங்கியவர் திருப்பி அனுப்பும்போது இதழ் மாற்றிவைக்கப்பட்டதா என்று நீங்கள் காட்டவும் இதே படங்கள்தான் உதவும்.

ஸ்லாப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பபிள் ராப் இரண்டு சுற்று சுற்றி, இருபுறமும் அட்டை வைத்துச் சிறு பெட்டியில் இறுக்குங்கள். அந்தப் பெட்டியை இன்னும் பெரிய பெட்டிக்குள் வைத்து ஆறு பக்கமும் இரண்டு அங்குலம் அடைப்பு கொடுங்கள். குலுக்கினால் எதுவும் அசையக்கூடாது. ஸ்லாப் உடையாமலே உள்ளிருக்கும் இதழ் குலுங்கி மூலை நசுங்குவது உண்டு; 9.8 என்று லேபிள் சொல்லும், இதழ் 9.8ஆக இருக்காது.

ஸ்லாப் இல்லாத இதழென்றால் பையின் பசைப் பட்டையில்தான் ஆபத்து. வாங்குபவர் இதழை வெளியே இழுக்கும்போது அட்டை அதில் ஒட்டிக் கிழிந்துவிடும். பட்டையைப் பின்பக்கமாக மடித்து ஒட்டி, அதன்மேல் ஒரு தாள் துண்டு வைத்து, 'முதலில் இந்தப் பட்டையை வெட்டி எடுக்கவும்' என்று எழுதி அனுப்புங்கள். விற்ற தொகைக்குக் காப்பீடும், பெறும்போது வாங்குபவர் கையெழுத்தும் கட்டாயம்.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய முத்து காமிக்ஸ் இதழ்களுக்கும் இப்படிக் கிரேடு போட்டு விற்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ்களுக்கு ஆசையோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க இதழ்களுக்கு இருப்பதுபோல் கிரேடு வாரியான விற்பனைப் பதிவு இவற்றுக்கு இல்லை; 9.4க்கும் 9.6க்கும் இங்கே விலை வித்தியாசம் சொல்ல ஆளில்லை. அட்டை, நடுத்தாள், கடைசிப் பக்கம் மூன்றும் இருக்கிறதா, பெயர் எழுதியிருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து, சேகரிப்பாளர் மூவரிடமாவது தனித்தனியே கேளுங்கள். மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள், மொத்தக் கட்டுக்குள் ஒன்றிரண்டு இதழ்தான் முழு விலையையும் தாங்கி நிற்கும், வாங்க வருபவருக்கு அது எது என்று தெரியும்.