ஆக்சென்ட் (குறியிட்ட) எழுத்துகள் எங்கே உடைகின்றன? கேள்வி-பதில்

கேள்வி: பிரெஞ்சுப் பெயர்களில், தலையில் சாய்கோடு உள்ள ‘இ’ (é) வரவேண்டிய இடத்தில் நெளிகோடு போட்ட பெரிய ‘ஏ’வும் (Ã) காப்புரிமைச் சின்னமும் (©) வருகின்றன. பக்கத்தின் மெட்டா டேகில் என்கோடிங் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்றுதான் போட்டிருக்கிறேன்.

உங்கள் எழுத்து கெடவில்லை. பிரவுசர்தான் அதைத் தவறாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8இல் அந்த எழுத்து 195, 169 என இரண்டு பைட். அதை விண்டோஸ்-1252 என்ற பழைய என்கோடிங் என்று எண்ணிப் படித்தால் 195 நெளிகோட்டு ‘ஏ’ ஆகும், 169 காப்புரிமைச் சின்னம் ஆகும்.

மெட்டா டேகைவிட, பக்கத்தோடு சர்வர் அனுப்பும் ஹெடருக்கே (பக்கத்தைப் பற்றிய தகவல் வரிகளுக்கே) முன்னுரிமை. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, கன்டென்ட்-டைப் வரியில் எந்த சார்செட் (என்கோடிங்கின் பெயர்) இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஐஎஸ்ஓ-8859-1 என்றிருந்தால் மெட்டா டேகை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இல்லை. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டிலும் சார்செட்டுக்கு ஒற்றை வரி அமைப்பு உண்டு. அதை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். ஹெடரில் சார்செட்டே இல்லையென்றால் மெட்டா டேகின் இடத்தைக் கவனியுங்கள். அது முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். பக்கத் தலைப்புக்கும் முன்னால், ஹெட் பகுதியின் முதல் வரியாக வைத்துவிடுவதே நல்லது.

கேள்வி: சில இடங்களில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி, சில இடங்களில் வெறும் கேள்விக்குறி. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை, வேறுபாடு பெரிது. வைரம் வந்தால் பெரும்பாலும் மூலத்தை மீட்கலாம். பக்கம் யூடிஎஃப்-8 என்கிறது, கோப்போ பழைய என்கோடிங்கில் இருக்கிறது. அதில் அதே எழுத்து 233 என்ற ஒற்றை பைட். யூடிஎஃப்-8இல் அப்படித் தனியாக நிற்பது செல்லாது. எடிட்டரில் விண்டோஸ்-1252 என்று சொல்லித் திறந்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். சுருக்கக் குறிப்பின் கடைசியில் மட்டும் வைரம் வந்தால் காரணம் வேறு: நிரல் பைட் கணக்கில் வெட்டி எழுத்தைப் பாதியில் அறுத்திருக்கிறது. எழுத்துக் கணக்கில் வெட்டும் ஃபங்ஷனுக்கு மாறுங்கள்.

எழுத்து இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் அந்த எழுத்தே போய்விட்டது என்று அர்த்தம். அந்த எழுத்துக்கு இடம் இல்லாத என்கோடிங்குக்கு மாற்றும்போது அதற்குப் பதிலாகக் கேள்விக்குறியே பதிவாகிவிடும். பேக்அப்பிலிருந்து எடுப்பதைத் தவிர வழியில்லை. ஊகித்துத் திருத்தப் போனால் மனிதர்களின் பெயர்கள்தான் தவறாகும்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலேயே எழுத்துகள் இரட்டையாக உடைந்து கிடக்கின்றன. திருத்த முடியுமா?

முடியும். யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்1 என்ற பழைய சார்செட்டில் அமைந்த இணைப்பு வழியாக அனுப்பியதால் அவை மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கப்பட்டுள்ளன. 195, 169 என்று இருக்க வேண்டியது 195, 131, 194, 169 என நான்கு பைட்டாகிவிட்டது. ஹெக்ஸ் ஃபங்ஷனில் நீளத்தைப் பார்த்து இதை உறுதி செய்யுங்கள்.

முதலில் இணைப்பின் சார்செட்டை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழுமையான யூடிஎஃப்-8) ஆக்குங்கள்; இல்லாவிட்டால் புதிய வரிகளும் கெடும். அடுத்து முழு பேக்அப். அதன்பின் உடைந்த வரிகளை மட்டும் லத்தீன்1 ஆக்கி, அதை பைனரியாக்கி, பைனரியை யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்க வையுங்கள். நல்ல வரிகளில் இதை ஓட்டினால் அவை பாழாகும். ஆகவே நிபந்தனை இல்லாமல் அப்டேட் கட்டளை கொடுக்கவே கொடுக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட் வரைதான் தாங்கும். ஆக்சென்ட் எழுத்துகளுக்கு அது போதும், நான்கு பைட் இமோஜிகளுக்குப் போதாது.

கேள்வி: பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் வரவில்லை.

ஒரே தோற்றம், இரண்டு சேமிப்பு. சாய்கோட்டு ‘இ’யை 233 என்ற ஒரே யூனிகோட் எண்ணாகவும் வைக்கலாம், 101 என்ற வெறும் ‘இ’யோடு 769 என்ற சாய்கோட்டைச் சேர்த்தும் வைக்கலாம். சேமிக்கும்போதும் தேடும் சொல்லை வாங்கும்போதும் இரண்டையும், எழுத்தையும் குறியையும் ஒரே எண்ணாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே போதும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பாதிப் பெயர்கள் அப்போதும் சிக்காது.

கேள்வி: வியட்நாமியச் சொற்களில் ஓரிரு எழுத்துகள் மட்டும் வேறு ஃபான்ட்டில் தெரிகின்றன.

வெப்ஃபான்ட்டின் லத்தீன் பகுதியை மட்டும் இறக்கியிருப்பீர்கள். வியட்நாமியப் பகுதியையும் சேருங்கள். அந்த மொழியில் ஒரே எழுத்தின் தலையில் இரண்டு குறிகள் ஏறுவதால், தலைப்புகளுக்கு வரி உயரத்தையும் சற்றுக் கூட்டுங்கள்; இல்லாவிட்டால் மேல்குறி வெட்டுப்படலாம்.

கேள்வி: சிஎஸ்எஸ் வழியாகப் பெரிய எழுத்தாக்கினால் துருக்கியச் சொற்களில் ‘ஐ’யின் (i) புள்ளி மறைகிறது.

துருக்கியில் புள்ளியுள்ள ‘ஐ’, புள்ளியில்லாத ‘ஐ’ இரண்டும் தனித்தனி எழுத்துகள். புள்ளி போனால் சொல்லே மாறலாம். அந்தச் சொல் உள்ள டேகில் லேங் பண்புக்கு துருக்கியின் குறியீடான ‘டிஆர்’ என்ற மதிப்பைக் கொடுங்கள். பிரவுசர் புள்ளியோடு பெரிதாக்கும்.