மினியேச்சர் ஆயுதங்களைக் காந்தம் வைத்து மாற்றிக்கொள்ளும்படி செய்ய வேண்டுமா, ஒட்டிவிட்டால் போதாதா?

முதல் பெரிய மினியேச்சர் மாடல் பெட்டியை வாங்கிவிட்டு, எந்தத் துப்பாக்கியை ஒட்டுவது என்று தெரியாமல் பசையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒட்டாதீர்கள். காந்தம் வந்து சேரும்வரை பொறுங்கள்.

நான் ஆடுவது வார்ஹேமர் 40,000, வண்ணம் தீட்டிய சிறு மாடல்களை மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டு. அதில் வரும் பெரிய நடக்கும் போர் இயந்திரம் ஒன்றான ரிடெம்ப்டர் டிரெட்நாட்டின் பெட்டியில் ஒரே கைக்கு இரண்டு பீரங்கிகள் வந்தன. ஒன்று பிளாஸ்மா, இன்னொன்று பல குழாய்கள் உள்ள கேட்லிங். மாடலின் கையில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு என்பது எங்கள் கூட்டத்தில் வழக்கம். விதிப் புத்தகமோ 2017, 2020, 2023 என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறியது. ஒரு பதிப்பில் சக்கைப்போடு போட்ட ஆயுதம் அடுத்ததில் எடுபடாமல் போகும். அதற்காக இன்னொரு பெட்டி வாங்க என்னால் முடியாது.

உடம்பின் தோளில் 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் காந்தம் ஒன்றைப் பதித்தேன். பிளாஸ்மா கை அழகாக ஒட்டிக்கொண்டது. கேட்லிங்குக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வண்ணம் தீட்டினேன். ஒவ்வொரு குழாயின் விளிம்பிலும் வெள்ளிக் கோடு இழுத்திருந்தேன். கடைசியாக, இரவு பதினோரு மணிக்கு மேல், அதன் காந்தத்தை வைத்து ஒட்டினேன். காந்த அடுக்கிலிருந்து பிரித்தபோது அது விரல் நுனியில் ஒரு புரண்டு புரண்டதை நான் கவனிக்கவில்லை. காலையில் தோளருகே கொண்டுபோனால், பீரங்கி விலகி விலகிப் போகிறது, காந்தத்தின் துருவம் தலைகீழாகிவிட்டது. வயிற்றைக் கலக்கியது. காந்தத்தைச் சுற்றி 1 மி.மீ. டிரில் பிட்டால் சிறிது சிறிதாகத் துளைத்துத் தோண்டி எடுத்தேன். சுற்றியிருந்த நீலம் முழுக்கப் பெயர்ந்துவிட்டது. கிரீன் ஸ்டஃப் என்ற பச்சை எபாக்ஸி மாவை வைத்து நிரப்பி, மறுபடி பிரைமர், மறுபடி வண்ணம். இன்றைக்கும் பின்பக்கம் பார்த்தால் அந்தத் தழும்பு தெரியும்.

அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு ஐஸ் குச்சியின் நுனியில் ஒரு காந்தம் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. உடம்பில் பதிக்கும் ஒவ்வொரு காந்தத்தின் வெளிமுகமும் அந்தக் குச்சியை இழுக்க வேண்டும், ஆயுதத்தில் பதிப்பது தள்ள வேண்டும். எல்லா மாடலுக்கும் இதே கணக்கு என்பதால் ஒரு டிரெட்நாட்டின் கை இன்னொன்றுக்கும் பொருந்துகிறது. பதிக்கும் முன் வெளிமுகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இரும்பு இடுக்கி வேண்டாம், காந்தம் குழியை விட்டு இடுக்கியோடு வந்துவிடும். பல்குச்சியால் அழுத்துங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் இதற்கு உதவாது, அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் பசை, காந்தத்தின் நிக்கல் பூச்சை அது ஒன்றும் செய்யாது. ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் குளூ போதும். அப்புறம், முழுக்கக் காயும்வரை இரண்டு பாகங்களையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். காந்தம் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மற்றதோடு ஒட்டிவிடும்.

துருவக் குழப்பமே வேண்டாம் என்றால், ஆயுதப் பக்கம் காந்தத்துக்குப் பதில் ஒரு ஆணித் தலையை வெட்டிப் பதிக்கலாம். பிடிமானம் கொஞ்சம் குறையும், லேசான துப்பாக்கிக்குத் தாங்கும். கனமான பீரங்கி ஒற்றைக் காந்தத்தில் சுழன்று மூக்கைத் தொங்கப்போடும். அங்கே இரண்டு காந்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்தால் அசையாது.

"இதெல்லாம் நேர விரயம், மாடலின் வலிமை போய்விடும்" என்று யாராவது வருவார்கள். காலாட்படை வீரன் ஒவ்வொருவனுக்கும் காந்தம் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானே அவர்களை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். விலை அதிகமான, ஆயுதத் தேர்வு உள்ள பெரிய மாடல்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கை கழன்று விழுவதைவிட, ஒட்டிய கை முறிவதுதான் எனக்கு வலித்திருக்கிறது.

      

ஆட்டத்தை வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் வருவார்கள், அதனால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உதிரிக் காந்தங்களை மூடியுள்ள டப்பாவில், எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டும் குடல் சுவரையே ஓட்டையாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உங்கள் மாடலின் தோள் எத்தனை மி.மீ. அகலம் என்று அளந்து எழுதுங்கள், எந்த அளவு காந்தம் என்று சொல்கிறேன்.