பெரியப்பாவின் சிடி 125ஐ கஃபே ரேசராக்க அம்மாவின் நகையை அடைவு வைக்கலாமா?

கேள்வி:

எனக்கு 28 வயது. வீடு ஒட்டுசுட்டானில், வேலை மாங்குளத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில். மாதம் கையில் வருவது 92,000 ரூபாய். வீட்டுக்கு 40,000 கொடுக்கிறேன். வேலைக்கு ஓடும் பைக்கின் லீசிங் 19,800, இன்னும் 11 மாதம் கட்ட வேண்டும். 2 இலட்சம் ரூபாய் ஏலச் சீட்டுக்கு மாதம் 10,000 போகிறது, அது முடிய 9 மாதம் இருக்கிறது. பெற்றோல், சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 14,000. வங்கியில் 160,000 இருக்கிறது.

பெரியப்பா விட்டுச் சென்ற ஹொண்டா சிடி 125 ஒன்று எங்கள் கொட்டிலில் பல வருடமாக நிற்கிறது. அவர் கனடாவில். வாகனப் பதிவுப் புத்தகம் அவர் பெயரில்தான். அதைக் கஃபே ரேசராக, அதாவது ஒற்றை சீட்டும் தாழ்ந்த ஹாண்டிலும் உள்ள பழைய பாணிப் பைக்காக, மாற்ற ஆசை. கராஜில் 340,000 என்று எழுதித் தந்தார்கள். அம்மா தன் நகையை வைத்து 3 இலட்சம் எடுக்கலாம் என்கிறா. நிதி நிறுவன முகவர் ஒருவர் 18 வீதத்தில் 3 வருடத்துக்கு 3 இலட்சம் தரலாம் என்கிறார். சீட்டையும் இப்போதே கழிவு விட்டு 165,000க்கு எடுக்கலாம். செய்து முடித்தால் 7 இலட்சத்துக்குப் போகும் என்று நண்பன் சொல்கிறான். அப்படியென்றால் இருவரும் சேர்ந்து இதையே தொழிலாகத் தொடங்கலாமா என்றும் யோசிக்கிறோம்.

பதில்:

தம்பி, பைக்கைச் செய்யுங்கள். நகையை வைக்க வேண்டாம், முகவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம், சீட்டைக் கழிக்க வேண்டாம். கராஜுக்கு முதல் ரூபாயைக் கொடுக்கும் முன் புத்தகம் உங்கள் பெயருக்கு வந்திருக்க வேண்டும்.

புத்தக விடயத்தைக் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதற்கவலை. இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்த பைக், உரிமையாளர் இல்லாமல் போன பைக், 2009க்குப் பிறகு இரண்டு மூன்றின் சாமான்களைப் பொருத்தி ஓட வைத்த பைக் என்று வன்னியில் எத்தனையோ கொட்டில்களில் நிற்கின்றன. உங்களுடையதற்குப் புத்தகம் இருக்கிறது, உரிமையாளரும் உயிரோடு இருக்கிறார். அது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் இன்னொருவரின் பெயரில் உள்ள வாகனத்தில் மூன்று இலட்சத்தைக் கொட்டினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் பெரியப்பாவின் சொத்தை மெருகூட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நாளைக்கு அவருக்கு ஏதும் நடந்தால் அவருடைய பிள்ளைகளைத் தேடி ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டிவரும்.

அவர் வற்றாப்பளைப் பொங்கலுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வருவதாக இருந்தால், உரிமை மாற்றும் படிவத்தில் அப்போது கையெழுத்தை வாங்குங்கள். வரமாட்டார் என்றால் அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக அற்றோணித் தத்துவம் (அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதி அனுப்பலாம். கச்சேரியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலரிடம் உங்கள் பைக்குக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுவிட்டு இந்த வேலையில் இறங்குங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை, நிலுவையும் தண்டமும் எவ்வளவு என்பது பிரதேச செயலகத்தில் தெரியும். கராஜ் துண்டில் இல்லாத முதல் செலவு அது.

இன்னொரு வேலை, இதற்குச் செலவே இல்லை. ஹாண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் செசி இலக்கம் அடித்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிறீஸையும் துருவையும் துடையுங்கள். மெல்லிய தாள் ஒன்றை அதன்மேல் அழுத்திப் பிடித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இலக்கம் தாளில் எழும்பும். புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள், என்ஜின் இலக்கத்தையும் அப்படியே பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் திட்டத்தை அங்கேயே நிறுத்தி, திணைக்களத்தில் கதைத்துவிட்டு மேலே போங்கள். பெயின்ற் அடிப்பவர் அந்த இடத்தில் புட்டி பூசிவிடாமல் பக்கத்தில் நின்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

இனி அந்த 7 இலட்சம். உங்கள் நண்பன் விளம்பரத்தில் பார்த்தது கேட்கும் விலை. எத்தனை பேர் அந்த விலைக்கு வாங்கினார்கள் என்று விளம்பரத்தில் போடுவதில்லை. பழைய பைக்கின் விலை ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணம் நம் ஆட்களுக்கு எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது, அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. புது வாகனம் வராது, ரூபாயும் உருகுகிறது என்றால் எந்தப் பழைய சாமானுக்கும் பெரிய தொகை சொல்லலாம். அது பைக்கின் பெறுமதி கூடியதால் வந்த விலை இல்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டது. அந்த ஐந்து வருடத்து விலையேற்றத்தை வைத்து அடுத்த ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடக்கூடாது.

அதோடு, ஒருவரின் ரசனைக்குச் செய்த பைக்கை வாங்க அதே ரசனை உள்ள இன்னொருவர் வர வேண்டும். ஒற்றை சீட், தாழ்ந்த ஹாண்டில் உள்ள பைக்கை முல்லைத்தீவு மாவட்டத்தில் எத்தனை பேர் வாங்குவார்கள்? இங்கே பைக் என்றால் அதில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பிள்ளை ரியூசனுக்குப் போக வேண்டும், உரப்பையும் விதைநெல் மூட்டையும் ஏற வேண்டும். கொழும்பில் ஆள் கிடைக்கலாம். அவர் நேரில் வந்து பார்த்துப் பேரம் பேசித்தான் எடுப்பார். ஆகவே இதை முதலீடு என்ற கணக்கில் எழுத வேண்டாம். ஆசைக்குச் செய்யும் செலவு என்றே எழுதுங்கள். ஆசைக்குச் செலவு செய்வதில் பிழை ஒன்றும் இல்லை, உழைக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. அதைக் கடனில் செய்வதுதான் எனக்குப் பிடிக்காதது.

கடன்களைப் பார்ப்போம். முகவர் சொன்ன 18 வீதம் அநேகமாக முழுத் தொகைக்கும் மூன்று வருடமும் போடும் வட்டி. 3 இலட்சத்துக்கு வருடம் 54,000, மூன்று வருடத்துக்கு 162,000. மொத்தம் 462,000, மாதத் தவணை ஏறத்தாழ 12,830. ஆனால் மாதாமாதம் முதலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் குறையவில்லை. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு 30 வீதத்தைத் தாண்டும். “வருடாந்த உண்மையான வட்டி எவ்வளவு, எழுதித் தாருங்கள்” என்று அவரைக் கேளுங்கள்.

நகை விடயம் இன்னும் நுட்பமானது. தங்க விலை ஏறியிருப்பதால் அதே சங்கிலிக்கு முன்பைவிடக் கூடுதல் காசு தருகிறார்கள், அதனால் அம்மாவுக்கும் அது சும்மா கிடைக்கும் காசு போலத் தெரிகிறது. 15 வீத வட்டி என்றே வைத்துக்கொள்வோம். 3 இலட்சத்துக்கு வருடம் 45,000. உங்கள் வரவு செலவில் மாதம் மிஞ்சுவது ஏறத்தாழ 8,000 ரூபாய், வருடத்துக்கு 96,000. வட்டியைக் கட்டினால் மிஞ்சுவது 51,000. 3 இலட்சம் முதலை எப்படி மீட்பீர்கள்? மீட்க மாட்டீர்கள், வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பீர்கள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்த பிறகு ஒரு மாதம் ஏதோ அவசரம் வரும், ஏல அறிவித்தலும் வரும். அம்மா மனமுவந்து தருகிறா என்பது எனக்கு விளங்குகிறது. அதனால்தான் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

சீட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஒன்பது மாதம் பொறுக்காததற்கு 35,000 ரூபாய் கழிவு. விடுங்கள்.

கராஜ் துண்டு என் முன்னால் இருக்கிறது. என்ஜின் 90,000, ராங்கி திருத்திப் பெயின்ற் 45,000, சீட் 25,000, தாழ்ந்த ஹாண்டிலும் பின்னுக்குத் தள்ளிய கால்மிதியும் 40,000, புது றிம்மும் ரயரும் 80,000, வயரிங்கும் லைற்றும் 35,000, சைலன்சர் 25,000. துண்டை எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் என்ஜினைத் திறக்காமல் எழுதியிருக்கிறார். பெரியப்பாவின் பைக் தொண்ணூறுகளில் இங்கே ஓடியது என்றால் அது மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சின்னப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய என்ஜின்களின் உள்ளே என்ன மிஞ்சியிருக்கும் என்று திறந்தால்தான் தெரியும். சிடி 125 இரட்டைச் சிலிண்டர் வேறு. பிஸ்டன் இரண்டு, றிங் செட் இரண்டு, வால்வு நாலு. செயின், கிளச் தட்டு, பிறேக் சூ, கேபிள் எதுவும் துண்டில் இல்லை. எந்தப் பழைய பைக்குக்கும் எழுதித் தந்த தொகைக்கு மேல் கால்வாசியை ஒதுக்கி வைக்கச் சொல்வேன்.

அந்தக் கால்வாசி எங்கிருந்து வரும்? ஆடம்பரத்தை வெட்டினால் வரும். 1950, 60களில் லண்டன் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய பெடியளும் பெரிய பணக்காரர் இல்லை. வேகம் வேண்டும் என்று மட்காட், பெரிய சீட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். கழற்றுவதற்குக் காசு தேவையில்லை. தாழ்ந்த ஹாண்டிலை விட்டுவிட்டு நேரான கட்டை ஹாண்டில் ஒன்றைப் போடுங்கள். முல்லைத்தீவு றோட்டில் இருந்து உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் கிறவல்தானே, அதில் மணிக்கட்டில் பாரத்தைப் போட்டுக்கொண்டு குனிந்து ஓடிப் பாருங்கள், ஒரு கிழமையில் வெறுத்துவிடும். கால்மிதி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் 40,000 என்பது 10,000க்குள் வந்துவிடும். சத்தம் போடும் சைலன்சர் பொலிசைத்தான் கூப்பிடும், பழையதையே துருவெடுத்துக் கறுப்படியுங்கள், 25,000 மிச்சம். றிம் வளையாமல் இருந்தால் கம்பியை மாற்றி ரயரை மட்டும் புதிதாகப் போடலாம், 35,000 என்று வைப்போம். இப்போது மொத்தம் 240,000. கால்வாசி ஒதுக்கத்தோடு 3 இலட்சம். லைற்றிலும் பிறேக்கிலும் மட்டும் கை வைக்க வேண்டாம். முன்னுக்கும் ட்ரம் பிறேக் உள்ள பைக் அது. பொழுதுபட்டால் யானை கடக்கும், இருட்டில் மாடு படுத்திருக்கும் றோட்டு உங்களுடையது.

செசியின் பின்பக்கத்தை வெட்டி வளைக்க விடாதீர்கள். கழற்றிப் பூட்டக்கூடிய சீட்டைச் செய்யச் சொல்லுங்கள். பழைய சீட், ஹாண்டில், மட்காட் எல்லாவற்றையும் உரப்பையில் கட்டிப் பரணில் போடுங்கள். விற்க வேண்டி வந்தால் பழைய உருவத்துக்குத் திரும்பக்கூடிய சிடி 125ஐ எடுக்க ஊரிலேயே ஆள் உண்டு, வெட்டியதை எடுக்க ஆளைத் தேட வேண்டும். நிறம் மாற்றுவது உட்பட என்ன மாற்றம் செய்தாலும் புத்தகத்தில் பதிய வேண்டுமா என்று திணைக்களத்தில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள், அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுப்பது அவர்களுக்கு இலகு.

காசு வரும் வழி இது. உங்கள் மாதச் செலவு ஏறத்தாழ 84,000. மூன்று மாதச் செலவு, அதாவது 250,000, வங்கியில் தொடாமல் இருக்க வேண்டும். இப்போது 160,000 இருக்கிறது. மிஞ்சும் 8,000ஐ இன்றிலிருந்து வேறு கணக்கில் போட்டால் லீசிங் முடியும்போது 88,000. அது என்ஜினுக்கு. இடையில் சீட்டுக் காசு 2 இலட்சமும் முழுதாக வரும், 90,000ஐ வங்கியில் போட்டு அவசரக் கையிருப்பை நிரப்புங்கள், 110,000 பைக்குக்கு. மீதி ஒரு இலட்சம். லீசிங் முடிந்தால் மாதம் 19,800 விடுபடும், அதில் 15,000 என்றால் ஏழு மாதம். ஆக ஒன்றரை வருடத்தில் கடனில்லாத பைக். அம்மாவின் நகை அலுமாரியில்.

வேலையையும் இதே வரிசையில் கொடுங்கள். முதலில் என்ஜினைத் திறந்து பார்த்து முடிப்பது, பிறகு பிறேக், ரயர், வயரிங், கடைசியில்தான் பெயின்ற்றும் சீட்டும். பெயின்ற் அடித்த ராங்கி மினுங்கிக்கொண்டு இருக்க, என்ஜின் பெட்டிக்குள் கிடக்கும் பைக்குகள் கராஜ் மூலைகளில் நிறைய உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

தொழில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கஃபே ரேசர் செய்து கொடுக்கும் கடைக்கு வன்னியில் மாதம் ஓர் ஓடர் வருமா என்பதே சந்தேகம். ஆனால் நண்பனுக்கு வெல்டிங்கும் சீட் வேலையும் வரும் என்றால், சாதாரண பைக்குகளுக்கு சேர்விஸ், சீட் தைப்பது, ராங்கி நெளிவெடுப்பது என்று தொடங்கலாம். காலபோக நெல் விற்ற மாசி, பங்குனியில் ஊரில் காசு புழங்கும், திருத்த வேலைகள் அப்போதுதான் குவியும். உங்கள் சிடி 125ஐ முடித்துக் கடை வாசலில் நிறுத்தினால் அதுவே விளம்பரப் பலகை. வேலையை மட்டும் இப்போதைக்கு விட வேண்டாம், நண்பன் கடையைப் பார்க்கட்டும், நீங்கள் சனி ஞாயிறு போங்கள்.

கராஜுக்கு முற்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால், புத்தகம் மாறும்வரை எதையும் கழற்ற வேண்டாம் என்று இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.