மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பை அதிகம் சாப்பிடும் பேலியோ உணவுமுறையில் பசியே எடுப்பதில்லை என்கிறார்களே, மாவுச்சத்து சாப்பிட்டால் மட்டும் ஏன் சீக்கிரம் பசிக்கிறது?

எட்டு மாதம் பேலியோவில் இருந்தவன் நான். பசி எடுக்காது என்பது உண்மைதான். காலையில் நெய்யில் வறுத்த 100 பாதாம் சாப்பிட்டால் மதியம் இரண்டு மணி வரை வயிறு எதையும் கேட்காது. அந்த 100 பாதாமில் கிட்டத்தட்ட 700 கலோரி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் பழியை மாவுச்சத்து முழுவதன்மேலும் போடுவதை நான் ஏற்கமாட்டேன். பேலியோவுக்கு முன் நான் சாப்பிட்டதெல்லாம் ரவை உப்புமா, பரோட்டா, டீயோடு பிஸ்கட். தவிடு போய், நார் போய், மெல்லாமலே உள்ளே இறங்குகிறவை. பதினோரு மணிக்கே பசிக்காமல் என்ன செய்யும்?

1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் சுமார் 240 கலோரி வருகிற மாதிரி கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323! முட்டை, மீன், மாட்டிறைச்சி எல்லாமே அதற்குப் பின்னால்தான். அதே 240 கலோரிக்குக் கிழங்கு சுமார் 300 கிராம் வரும். பாதாம் ஒரு கைப்பிடிதான். தண்ணீரும் நாரும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

இப்போது என் காலை உணவு கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு ஒரு டம்ளர் ஊறப்போட்டால் விடியும்போது இரண்டு டம்ளராகப் பருத்திருக்கும். விரலிடுக்கில் நசுக்கினால் மசிய வேண்டும், தோல் மட்டும் கழன்றுவிடக்கூடாது. அந்தப் பதத்தில் இறக்கித் தாளித்து, தேங்காய்ப்பூ தூவி, கூடவே தோலோடு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று. மென்று முடிக்கவே இருபது நிமிடம் ஆகும். பேலியோவில் இருந்த அதே நிறைவு மதியம் வரை நிற்கிறது, வீட்டில் எனக்கென்று தனிச் சமையலும் இல்லை.

சர்க்கரை நோய் இருந்தால் கணக்கு வேறு. 2021-ல் கெவின் ஹால் குழு அமெரிக்காவில் 20 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கொழுப்பு குறைந்த தாவர உணவு சாப்பிட்டபோது கீட்டோவைவிட (மாவுச்சத்து மிகக் குறைவாக, கொழுப்பு மிக அதிகமாக உள்ள உணவுமுறை) நாளுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகவே உள்ளே போனது; பசியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை அந்தத் தாவர உணவில்தான் அதிகம் ஏறியது. அதனால் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பக்கமும் மாற வேண்டாம்.