பழைய வண்டியில் முதல் காசை எதில் போடுவது? கேள்விகளும் பதில்களும்

பழைய பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி வருகிறவற்றை எடுத்துக்கொண்டேன். கையில் கொஞ்சம் பணம்தான், ஆனால் வண்டியைத் தினமும் ஓட்டவும் வேண்டும் என்று நினைப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நாமக்கல், கல்லூரி மாணவர்: அண்ணே, கையில 25 ஆயிரம் இருக்கு. யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வாங்கலாமா?

தம்பி, ஆசையில் தப்பே இல்லை. 98 சிசியில் 11 குதிரைத்திறன், எடையும் 100 கிலோ சுற்றித்தான், ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அது 1985-லிருந்து 1996 வரைதான் வந்தது, இன்றைக்கு விலை வண்டியின் நிலைமையைப் பார்த்து இல்லை, பெயரைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். 25 ஆயிரத்துக்கு யாராவது ஆர்எக்ஸ் 100 கொடுக்கிறேன் என்றால் ஆர்சி புதுப்பிக்காமல் செத்துப்போயிருக்கும், இல்லை இன்ஜின் நம்பரைச் சுரண்டி மறுபடி குத்தியிருப்பார்கள், இல்லை நாலு வண்டியின் பாகங்களைச் சேர்த்து ஒரு வண்டி ஆக்கியிருப்பார்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் துடைத்துவிட்டு ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து இடித்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக்தான் (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிற இன்ஜின்) வேண்டும் என்றால் டிவிஎஸ் சுஸுகி சாமுராய், மேக்ஸ் 100 மாதிரி வண்டிகளைப் பாருங்கள், விலை குறைவு. தினமும் காலேஜுக்குப் போகத்தான் என்றால் நான் பழைய ஸ்ப்ளெண்டரைத்தான் சொல்வேன், எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். எதை வாங்கினாலும் 15 ஆயிரத்துக்குள் வாங்கி, மிச்சம் 10 ஆயிரத்தைத் தொடாமல் வையுங்கள். டயர், டியூப், பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட், எல்லா கேபிளும் முதல் மாசமே கேட்கும். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம், பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது, அந்த ரப்பர் மழையில் பிடிக்காது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி: அப்பா ஓட்டிய பஜாஜ் சேத்தக். அவர் போன பிறகு சில வருஷமாக ஓரமாக நிற்கிறது. ஆர்சி அவர் பெயரில்தான் இருக்கிறது. மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறேன், எங்கிருந்து ஆரம்பிப்பது?

நல்ல காரியம்மா. முதலில் காகித வேலை. சொந்தக்காரர் இறந்துவிட்டால் பெயர் மாற்ற 31-ம் எண் படிவம், அதோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். (சாதாரணமாக விற்று வாங்கும்போது 29, 30 படிவங்கள்.) சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான், அப்புறம் 25-ம் எண் படிவத்தில் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், நம்ம ஊரில் எஃப்சி காட்டுவது என்பார்கள். 2022 ஏப்ரலிலிருந்து பைக், ஸ்கூட்டருக்கு இந்தக் கட்டணம் ₹1,000 ஆனது, 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் இன்னும் கூட்டிவிட்டார்கள். பசுமை வரியும் உண்டு. இதையெல்லாம் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக் கணக்குப் போட்ட பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வண்டியை எடுத்ததும் கிக் அடிக்காதீர்கள். உள்ளே சிலிண்டர் காய்ந்து கிடக்கும், அந்த நிலையில் ஓங்கி மிதித்தால் பிஸ்டன் ரிங் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, மறுநாள் பிளக் இல்லாமலேயே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திச் சுற்றுங்கள். சுற்றுகிறதா, பாதி வேலை முடிந்தது. பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு டேங்கின் உள்ளே டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வருகிற சின்னத் துளையை, கம்பியால் குத்தச் சொல்லாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும். கியர் ஆயில், பெட்ரோல் குழாய், கியர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ எல்லாம் புதுசாகப் போடுங்கள், இவற்றுக்குப் பெரிய விலை இல்லை.

டூ ஸ்ட்ரோக் சேத்தக்குக்குப் பெட்ரோலில் ஆயில் கலவை லிட்டருக்கு 20 மில்லி. கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், புகையும் கார்பனும்தான் மிச்சம். வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிப் பழகுங்கள். அப்பாவும் மூடித்தான் வைத்திருப்பார்.

ஈரோடு: என் சேத்தக்கில் வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. கியர் ஆயிலும் குறைகிறது. மெக்கானிக் போர் போடணும் என்கிறார்.

போர் போடுவதற்கு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதற்கு முன்னால், கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கிற தண்டு) ஆயில் சீலைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்குக்கு ரெண்டு பக்கமும் சீல் உண்டு. கிளட்ச் பக்கத்து சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். நீங்கள் சொல்கிற வெள்ளைப் புகையும் ஆயில் குறைவதும் அதற்கு அப்படியே பொருந்துகிறது. மேக்னெட் (கரண்ட் உண்டாக்கும் பாகம்) பக்கத்து சீல் போனால் புகை இருக்காது, ஆனால் காற்று உள்ளே போய், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாகக் கத்தும். அதுதான் ஆபத்து, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். சீலின் விலை கொஞ்சம்தான், செலவு இன்ஜினைப் பிரிக்கும் கூலியில்தான். பிரிக்கிற அன்றைக்கே ரெண்டு சீலையும் மாற்றுங்கள், கிராங்க் பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள்.

மதுரை: என் ஆர்எக்ஸ் இன்ஜின் ஜாம் ஆகி, போர் போட்டு 300 கிலோமீட்டரில் மறுபடி ஜாம் ஆகிவிட்டது. ஏன் சார்?

முதல் தடவை ஏன் பிடித்தது என்று யாரும் பார்க்கவில்லை, அதனால்தான். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் நடக்கிறது, வருத்தமாக இருக்கிறது. போர் போடுவது சேதத்துக்கான வைத்தியம், காரணத்துக்கான வைத்தியம் இல்லை. ஆயில் பம்ப் ஒழுங்காகத் தள்ளுகிறதா, அதன் கேபிள் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து இழுக்கிறதா, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பரில் வெடிப்பு உண்டா, யாராவது சத்தத்துக்காக சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு ஜெட்டை மாற்றாமல் விட்டார்களா, இத்தனையும் பாருங்கள். பிளக் நுனி இளம்பழுப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது.

போர் போட்ட சிலிண்டருக்கு ஏற்ற பெரிய பிஸ்டன், ஓவர்சைஸ் பிஸ்டன், கால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும், 0.25, 0.50, 0.75, 1.00 என்று. பிஸ்டனை வாங்கி லேத் பட்டறையில் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ப போர் போடச் சொல்லுங்கள், குத்துமதிப்பாகப் போட விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரின் ஆயுளைத்தான் செலவழிக்கிறோம். முதல் 500 கிலோமீட்டராவது முறுக்காமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல் ஓட்டுங்கள்.

சேலம்: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுத்துவிடுமா?

தினமும் ஓடுகிற வண்டிக்குப் பயப்படும் அளவுக்கு இல்லை, நிறுத்தி வைக்கிற வண்டிக்குக் கெடுதல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துரு பிடிக்கும், பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷர்களும் ஊறி இளகும். வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள். ஒரு மாசத்துக்கு மேல் நிற்கும் என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்காரர்கள் பிளக் நிறத்தை அடிக்கடி பார்த்து, வெளுத்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள்.

திருச்சி: மாமாவின் பழைய புல்லட். கிக்கர் திருப்பி அடிக்கிறது, கால் வீங்கிவிட்டது.

பலத்தால் உதைக்கிற வண்டி இல்லை அது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள், ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும், அதுவரை. அங்கே டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற பிடி) பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே முழு உதை. இவ்வளவு செய்தும் திருப்பி அடித்தால் டைமிங் முன்னால் ஓடியிருக்கிறது, அதாவது பிளக்கில் பொறி சீக்கிரமே விழுகிறது. பொறியை உண்டாக்குகிற காண்டாக்ட் பாயின்டின் இடைவெளியை 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து டைமிங் செட் செய்யச் சொல்லுங்கள். கால் சரியாகும் வரை யாரையாவது கிளப்பச் சொல்லுங்கள்.

கரூர்: சேத்தக் ஹெட்லைட்டில் எல்இடி போட்டேன், மினுங்குகிறது.

மேக்னெட்டிலிருந்து நேராக ஏசி கரண்ட் வருகிறது. டிசி ஆக்காமல் எல்இடி ஒழுங்காக எரியாது. பல்ப் ஹோல்டர், எர்த் வயர் ரெண்டையும் சுரண்டிச் சுத்தம் செய்து பழைய பல்பையே போடுங்கள், பாதி வெளிச்சக் குறை அங்கேதான்.

கோவை: தாத்தாவின் 1969 ஜாவா, ஆர்சி உயிரோடு இருக்கிறது. விண்டேஜ் பதிவுக்கு மாற்றலாமா?

வேண்டாம் சார். 50 வயது தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021-ல் அந்த விதி வந்தது, புதிதாகப் பதிய ₹20,000. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான். இருக்கிற ஆர்சியைப் புதுப்பித்து, வண்டியை ஓட்டுங்கள். மைசூரில் செய்த வண்டி, நல்ல சாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்குத்தான் வைத்திருக்கிறோம். பெயின்ட் எப்போது அடிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பிரேக், டயர், ஒயரிங் முடிந்து ஒரு மழைக்காலம் ஓட்டிய பிறகு பாருங்கள். தாத்தா காலத்துப் பெயின்ட் பாதி மிச்சம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

ராசிபுரம்: சேத்தக்கில் கொல்லிமலை ஏறலாமா அண்ணா?

தாராளமாக. 70 கொண்டை ஊசி வளைவு, ஏறுவதில் பிரச்சினை இல்லை, நடுவில் ரெண்டு இடத்தில் நிறுத்தி இன்ஜினை ஆற விடுங்கள். ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், கிளட்ச் கேபிள், ஸ்டெப்னியில் காற்று, இவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். கவனம் இறங்கும்போதுதான். ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரிலேயே நெடுந்தூரம் இறங்கினால், பெட்ரோலோடு வருகிற ஆயிலும் நின்று பிஸ்டன் காய்ந்துவிடும். அதனால் அவ்வப்போது லேசாகத் திருகி விடுங்கள். பிரேக்கை அழுத்தியபடியே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். டிரம் சூடாகிப் பிடி குறைவது தெரிந்தால் ஓரம்கட்டி, தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆறும் வரை நில்லுங்கள்.