எதைப் பற்றித் தளம் வைப்பது? கேள்விகளும் பதில்களும்

முதன்முதலாகச் சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவை இவை. எதைப் பற்றித் தொடங்குவது என்பது மட்டும்தான் பேச்சு. சர்வர், டிசைன் விவகாரங்களுக்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: அக்கா, எனக்கு சினிமா, கிரிக்கெட், போட்டோகிராபி, பயணம் எல்லாமே பிடிக்கும். எதை எடுப்பது?

என்ன பிடிக்கும் என்று கேட்டால் பட்டியல் நீளத்தான் செய்யும். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். நண்பர்கள் எந்தச் சந்தேகத்துக்கு உங்களிடம் வருகிறார்கள்? எதை யாராவது தப்பாகச் சொன்னால் உங்களால் சும்மா இருக்க முடிவதில்லை? அப்படி ஒன்று அகப்பட்டதும், கூகுளைத் திறக்காமல், அதில் பத்துப் பக்கங்களுக்கான தலைப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாவதிலேயே பேனா நின்றுவிட்டால் அது உங்களுக்கு ரசிக்கப் பிடித்த விஷயம், அவ்வளவுதான். அடுத்ததைப் பாருங்கள். அதுவரை டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய இங்க் பேனாக்களைச் சேர்க்கிறேன், கொஞ்சம் ரிப்பேரும் செய்வேன். ‘பேனா உலகம்’ என்று தொடங்கலாமா?

தொடங்கலாம், முதலில் அந்த ‘உலகம்’ வேண்டாம். பேனாவின் வரலாறு, கம்பெனிகளின் கதை, விலைப் பட்டியல் எல்லாம் ஏற்கெனவே பலர் எழுதியாயிற்று. நீங்கள் நான்காவதாக எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? ஆனால் போகிறபோக்கில் ‘கொஞ்சம் ரிப்பேரும்’ என்றீர்களே, தளம் அங்கேதான் இருக்கிறது.

இங்க் உறிஞ்சும் ரப்பர் பையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பல வருஷம் கிடந்த பேனாவில் அது இறுகி, நொறுங்கி, உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பது ஒரு பக்கம். நிப் இருக்கும் கழுத்துப் பகுதி கழன்று வராவிட்டால் இளஞ்சூடு காட்ட வேண்டும், ஆனால் உடம்பு செல்லுலாய்டாக (பழைய வகை பிளாஸ்டிக்) இருந்தால் சூடு அதிகமானால் தீப்பற்றிக்கொள்ளும். எபொனைட் (கெட்டி ரப்பர்) பேனாவை வெந்நீரில் ஊறப்போட்டால் கறுப்பு பழுப்பாக வெளுத்துவிடும். ஆக, கையில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு பக்கம். புதுப் பையை அளவு பார்த்து வெட்டுவது, அரக்குக் கரைசல் தடவி ஒட்டுவது, காய்ந்தபின் டால்க் பவுடர் பூசி உள்ளே நுழைப்பது, இதற்கெல்லாம் படத்தோடு தனித்தனிப் பக்கங்கள். நீங்கள் பாழாக்கிய பேனாக்களின் படங்களையும் போடுங்கள், அவற்றைத்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள். தாத்தாவின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்குத் தேடுகிறவர் நேராக உங்களிடம் வந்து நிற்பார்.

கேள்வி: எந்தத் தலைப்பு எடுத்தால் வருமானம் வரும், மேடம்?

வருமானத்துக்காக முதல் தளம் வைக்காதீர்கள். இரண்டாவதற்கு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெர்சனல் வெப்சைட் என்றாலே மனிதர்தான் தலைப்பு. இன்று பேனா, நாளை மழை, மறுநாள் படித்த புத்தகம். அதை எதற்கு ஒரு டப்பாவுக்குள் அடைக்கிறீர்கள்?

நல்ல சண்டை, வாருங்கள். முதன்முதல் வெப்சைட்டுக்கே ஒரு தலைப்பு இருந்தது. 1991-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில், வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ போட்ட தளம், வெப் என்றால் என்ன, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை விளக்கியது. வேறெதையும் அது பேசவில்லை. உங்களைத் தெரிந்தவர்களுக்கு நீங்களே தலைப்பாக இருந்தால் போதும். தெரியாதவர் உங்கள் வாசலுக்கு வர ஒரு காரணம் வேண்டாமா?

கேள்வி: எனக்கு இயற்கை பிடிக்கும். கல்லூரியில் படிக்கிறேன், அக்கா. ‘இயற்கை’ சரியான தலைப்பா?

பெரிசு, தங்கை. சிலந்தி? அதுவும் பெரிசு. உங்கள் அறை ஜன்னலில் திரியும் குதிக்கும் சிலந்திகள்? சரியாக இருக்கும். அவை இரைக்காக வலை பின்னுவதில்லை, பதுங்கிப் பாய்ந்து பிடிக்கும். எட்டுக் கண்களில் முன்னால் உள்ள இரண்டு மட்டும் ஹெட்லைட் மாதிரி பெரிதாக இருப்பதால் போனில் எடுத்த படத்திலேயே தெரியும். ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், வெயில் எந்தப் பக்கம், எதைப் பிடித்தது என்று குறித்து வையுங்கள். இனத்தின் பெயர் தெரியாவிட்டால் ‘பழுப்பு, கால்களில் வெள்ளை வரி’ என்று எழுதினால் போதும். ஒரு வருஷக் குறிப்பு சேர்ந்தால் அது வேறு யாரிடமும் இல்லாத தகவல்.

கேள்வி: டொமைன் பெயர் வாங்கிவிட்டேன். இனி எதைப் பற்றி எழுதலாம்?

இதற்குத்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன். முதல் பதிலில் உள்ள பத்துத் தலைப்பு வேலையைச் செய்யுங்கள். கிடைத்த தலைப்பு பெயருக்குப் பொருந்தாவிட்டால் பெயரை விட்டுவிடுங்கள், பெயருக்காகத் தலைப்பைத் தேடாதீர்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு வீட்டு வைத்தியம் பற்றி எழுத ஆசை.

உங்களுக்கு மருத்துவப் படிப்பு இல்லையென்றால் வேண்டாம். யாராவது மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: மறுபடி நான்தான், மனிதரே தலைப்பு என்றவன். ஜஸ்டின் ஹாலை மறந்துவிட்டீர்களே! 1994-இல், மாணவராக இருந்தபோதே தன் வாழ்க்கையை அப்படியே சொந்த வெப்சைட்டில் எழுதினார். எத்தனை பேர் படித்தார்கள்!

மறக்கவில்லை, நீங்கள் கொண்டுவருவீர்கள் என்று காத்திருந்தேன். அவர் தளத்தின் பெயரிலேயே ‘லிங்க்ஸ்’ இருக்கிறது. தேடுபொறிகள் சரியாக இல்லாத காலம் அது. வெப்பில் எங்கே என்ன கிடைக்கும் என்று வழிகாட்டும் பட்டியலை அவர் வைத்திருந்தார். பட்டியலுக்காக உள்ளே வந்தவர்களுக்கு அவர் கதையும் கிடைத்தது. நான் சொல்வதும் இதேதான்: வாசலில் தலைப்பு இருக்கட்டும், உள்ளே உங்கள் இஷ்டம்.

இன்னொன்றும் சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் துறையில் ஒரு காபி பானையைப் பார்த்தபடி கேமரா வைத்தார்கள். நடந்து போய் ஏமாறாமல், காபி இருக்கிறதா என்று மேஜையிலிருந்தே பார்க்கத்தான். 1993-இல் அது வெப்புக்கு வந்தது, 2001-இல் அணைக்கும்வரை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். பானை நிறைந்திருக்கிறதா, காலியா? அவ்வளவுதான் தலைப்பு.

கேள்வி: காபி பானை கேலிக்கூத்து, தலைப்பு இல்லை. அதோடு, குறுகலான தலைப்பு பத்துப் பக்கத்தில் தீர்ந்துபோகும். அப்புறம் என்ன செய்வது?

கூத்தோ என்னவோ, ஒரு கேள்விக்குச் சரியான பதில் கொடுத்தது. பெரிய தளங்கள் பல அதைச் செய்வதில்லை. தீர்ந்துபோனால்? தீரட்டும்! முடிந்துபோன நல்ல தளம் கௌரவமான விஷயம். தினம் புதுசாகப் போட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? ஆனால் உங்கள் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. எழுத எழுத ஆள் மாறுவார், ஆர்வமும் மாறும். அதற்கு ‘மற்றவை’ என்று ஒரு மூலை ஒதுக்குங்கள். முகப்பை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். நாற்பது வருடக் கணக்குப் பாடக் குறிப்புகள் இருக்கின்றன. இளைஞர்களோடு போட்டி போட முடியுமா, அம்மா?

உங்களோடுதான் அவர்கள் போட்டி போட முடியாது, ஐயா. முழுப் பாடத்திட்டம் வேண்டாம். பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள் இல்லையா? பின்னங்களைக் கூட்டும்போது மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிடுவார்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள், எந்தக் கேள்வியைக் கேட்டால் தாங்களே திருத்திக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தப்புக்கு ஒரு பக்கம். மாணவர் பெயர், விடைத்தாள் படம் மட்டும் வேண்டாம். எழுதியதன் பிரதி உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும். இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானவர்கள் பக்கம் வைத்திருந்தார்கள், 2009-இல் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள்.

கேள்வி: விளம்பரம் போட்டால் மாதம் எவ்வளவு வரும்?

மேலே பாருங்கள்.

கேள்வி: பிடித்த பாடல் வரிகளையெல்லாம் சேர்த்துப் போடலாமா?

அவை உங்களுடையவை அல்ல. ஒரு பாட்டு ஏன் பிடித்தது என்று எழுதினால் அது உங்களுடையது.

கேள்வி: பின்னால் தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. அதனால்தான் தளத்துக்குப் பெயர் வைக்கும்போது தலைப்பை அதற்குள் திணிக்காமல் இருப்பது நல்லது. மாற்றும்போது பழைய பக்கங்களை அழிக்காதீர்கள், அவற்றின் முகவரியையும் மாற்றாதீர்கள். யாரோ ஒருவர் அந்த லிங்க்கை எங்கேயாவது போட்டிருப்பார்.