குதிக்கும் போட்டுக்கு முதலில் தகட்டை மேலே எடுங்கள்

தம்பி, திருகோணமலையில் ஒழுங்காக ஓடிய போட், நுவரெலியா கிரகரி வாவியில் வேகம் பிடித்ததும் அணியம் (முன்பக்கம்) குதிக்கிறது, வலப்பக்கம் சாய்கிறது, பின்பக்க அடியில் இருபுறமும் உள்ள ட்ரிம் டேப் தகடுகள் இரண்டையும் முழுக்க இறக்கியபின் திருப்பினால் வெட்டி இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

வெட்டி இழுப்பதற்குக் காரணமே முழுக்க இறக்கியதுதான். தகடு இறங்கினால் பின்பக்கம் தூக்கும், அணியம் தண்ணீரில் புதையும். இரண்டையும் மேலே எடுத்துவிட்டு, எஞ்சினைக் கொஞ்சம் உள்ளே ட்ரிம் செய்து, அதாவது அதன் கீழ்ப்பகுதியைப் போட்டின் பக்கம் சாய்த்துப் பாருங்கள். குதிப்பு நிற்காவிட்டால் மட்டும் தகட்டை இறக்கும் பட்டனை ஒரு தட்டு தட்டி, சில செக்கன் பொறுங்கள். தட்டிக்கொண்டே இருந்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

சாய்வுக்கு வலப்பக்கத் தகட்டை மட்டும் இறக்க வேண்டும். ஆனால் பல போட்களில் இடது சுவிட்ச்தான் வலது தகட்டை அசைக்கும்! கரையில் நிறுத்தி, பின்னால் ஒருவரை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நானும் இதில் ஏமாந்தவன்தான்.

அப்புறம், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். காற்று மெல்லிசு, எஞ்சின் பலம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். முழு த்ரொட்டிலிலும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறாவிட்டால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் போடுங்கள். அந்தக் குறையைத் தகட்டால் ஈடுகட்ட முடியாது.